ஃப்ளாக்1, ஃப்ளாக்2 என்று எழுதுகிறீர்களா? அப்படியானால் ஜார்ஜ் பூல் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை. நீங்கள் எழுதாத ஒரு புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஃப்ளாக்3 ட்ரூவாக இருந்து ஃப்ளாக்7 ஃபால்ஸாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. ஃப்ளாக்3 என்றால் என்ன? டீமில் யாருக்கும் தெரியாது. மேலே தேடுகிறீர்கள், கீழே தேடுகிறீர்கள். எங்கேயோ அது ட்ரூ ஆகிறது, வேறெங்கேயோ ஃபால்ஸ் ஆகிறது. ஏன் ஆகிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அதே வரியில் ஃப்ளாக்3 இருந்த இடத்தில் 'பணம் வந்துவிட்டது' என்றும், ஃப்ளாக்7 இருந்த இடத்தில் 'பொருள் அனுப்பப்பட்டது' என்றும் பெயர் இருந்தால்? பணம் வந்துவிட்டது, பொருள் போகவில்லை, ஆகவே பணத்தைத் திருப்பி அனுப்பு. படித்த உடனே புரிந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்குத்தான் ஒன்றில்லை.

இப்படி ஆம் அல்லது இல்லை என்று இரண்டே மதிப்புகள் வைத்துக்கொள்ளும் மாறியை பூலியன் என்கிறோம். தினமும் பத்து முறையாவது டைப் செய்கிறோம். அது ஒரு மனிதருடைய பெயர் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. அந்த மனிதர் ஜார்ஜ் பூல். கம்ப்யூட்டர் எதையும் பார்க்காமல் 1864-இல் இறந்துபோனவர். ஒரு குறியீட்டுக்கு ஒரு அர்த்தம் கொடுத்தால் அதைக் கடைசி வரை மாற்றக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறாராக இருந்தார். அவர் பெயரை எடுத்துக்கொண்ட நாம், அந்தக் கறாரை எடுத்துக்கொண்டோமா என்பது வேறு விஷயம்.

செருப்புக் கடையில் ஒரு டெலஸ்கோப்

1815 நவம்பர் 2 அன்று இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் பிறந்தார் ஜார்ஜ். அப்பா ஜான், செருப்புத் தைப்பவர். அம்மா மேரி ஆன், கல்யாணத்துக்கு முன்பு ஒரு சீமாட்டியிடம் பணிப்பெண்ணாக இருந்தவர். அப்பாவுக்குத் தொழிலில் மனசு ஒட்டவில்லை. லென்ஸ் தேய்ப்பது, டெலஸ்கோப் செய்வது, கணக்குப் போடுவது என்று நேரம் போகும். கடை எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

கணக்கின் அடிப்படையைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அப்பாதான். லத்தீன் கற்கப் பக்கத்தில் இருந்த புத்தகக் கடைக்காரர் ஒருவர் உதவினார். கிரேக்கத்தைத் தானே படித்துக்கொண்டார். 14 வயதில் ஒரு பழைய கிரேக்கக் கவிதையை மொழிபெயர்க்க, பெருமை தாங்காமல் அப்பா அதை உள்ளூர்ப் பத்திரிகையில் போடவைத்தார். செருப்புத் தைப்பவர் மகன், அதுவும் இந்த வயதில், இதைச் செய்திருக்க வாய்ப்பே இல்லை என்று ஒருவர் அதே பத்திரிகைக்கு எழுதினார். அந்தக் காலத்து கமென்ட் செக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

16 வயதில் அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. அம்மா, அப்பா, தம்பி தங்கை என மொத்தக் குடும்பமும் இவர் தலையில். டான்காஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையில்கூடக் கணக்குப் போடுகிறார் என்று அந்த மெதடிஸ்ட் பள்ளியில் புகார் கிளம்பியதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 19 வயதில் லிங்கன் திரும்பி, சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார்.

ஏன் கணக்கு? மற்ற புத்தகங்களைவிடக் கணக்குப் புத்தகத்தைப் படித்து முடிக்க ரொம்ப நாள் ஆகும், கொடுத்த காசுக்கு அதிக நாள் வரும் என்பதால் வாங்கினாராம். பின்னாளில் அவர் மனைவி சொன்னதாக வரும் கதை இது. கையில் காசில்லாத வாசகருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

இன்னொரு விஷயம், வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கலாமா என்ற விவாதத்தைப் படித்துக் கடுப்பானவர்களுக்கு. லிங்கனில் கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடிய சங்கத்தில் ஜார்ஜ் முக்கியமான ஆள். 1847-இல் அவர்கள் கூட்டத்தில் போய், கிடைத்த ஓய்வை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு முழு உரையே ஆற்றினார். அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும் முதல் லாஜிக் புத்தகம் வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

மதுரையில் பிறந்த நண்பர்

அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சண்டையின் ஒரு பக்கத்தில் இருந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். பிளஸ் ஒன் கணினி அறிவியலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதே டி மார்கன் தேற்றக்காரர். 1806-இல் மதுரையில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்து போய்விட்டதால், மதுரைக்கு அவர் சொந்தம் கொண்டாட நியாயமில்லை. மதுரை அவரைச் சொந்தம் கொண்டாடலாம், தப்பில்லை.

ஜார்ஜ் அதற்குள் கணித உலகத்துக்குப் புதியவர் இல்லை. பல்கலைக்கழகப் பக்கமே போகாமல், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கணித இதழுக்குக் கட்டுரைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1844-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரைக்கு ராயல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. கணிதத்துக்காக அந்தப் பதக்கம் கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. டி மார்கனோடு கடிதப் பழக்கமும் இருந்தது.

எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டன், தர்க்கம் பற்றிய தன் யோசனையை டி மார்கன் திருடிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். தர்க்கத்தில் கணிதக்காரர்களுக்கு என்ன வேலை என்ற தொனியும் அதில் இருந்தது. ஜார்ஜுக்கு இந்த விஷயத்தில் பதின்ம வயதிலிருந்தே ஒரு யோசனை மனசில் கிடந்தது. சண்டை அதைக் கிளறிவிட, 1847-இல் தர்க்கத்தின் கணிதப் பகுப்பாய்வு என்ற சின்னப் புத்தகத்தை வேகவேகமாக எழுதி முடித்தார். டி மார்கனின் தர்க்கப் புத்தகமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வெளிவந்தது. நல்லவேளை, இவர்கள் இருவருக்குள் சண்டை வரவில்லை.

1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் புதிதாகத் திறந்த குயின்ஸ் கல்லூரியில் முதல் கணிதப் பேராசிரியராக ஜார்ஜ் நியமிக்கப்பட்டார். கையில் ஒரு டிகிரிகூடக் கிடையாது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்து அயர்லாந்து இன்னும் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே இருந்துகொண்டுதான் 1854-இல் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். சிந்தனையின் விதிகள் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

வெள்ளையாக இருப்பவை, ஆடுகள், கொம்புள்ளவை

சரி, அப்படி என்னதான் செய்தார்?

எளிமையாகத் தொடங்குகிறார். எக்ஸ் என்றால் வெள்ளையாக இருக்கும் எல்லாமும். ஒய் என்றால் ஆடுகள். இரண்டையும் பெருக்கினால், அதாவது எக்ஸ் ஒய் என்று சேர்த்து எழுதினால், வெள்ளை ஆடுகள். கொம்புள்ளவற்றுக்கு இசட் என்று இன்னொரு எழுத்தையும் சேர்த்தால், கொம்புள்ள வெள்ளை ஆடுகள். பெருக்கல் என்பது இங்கே தேர்ந்தெடுத்தல். இன்று நீங்கள் எழுதும் 'ஆண்ட்' இதுதான்.

இப்போது ஒரு கேள்வி. வெள்ளையானவற்றுள் வெள்ளையானவற்றை எடுங்கள். என்ன வரும்? அதே வெள்ளையானவைதான். அப்படியென்றால் எக்ஸ் × எக்ஸ் = எக்ஸ். சாதாரண எண்களில் இந்தச் சமன்பாட்டுக்கு எது எது விடை? 0 ஒன்று, 1 ஒன்று. வேறு எதுவும் இல்லை. 1 என்பது பேசப்படும் எல்லாமும், 0 என்பது எதுவுமே இல்லை. கம்ப்யூட்டரின் 0-வும் 1-உம் சிந்தனைக்குள் நுழைந்த வழி இது. மின்சாரம், சுவிட்ச் எதுவும் அப்போது கணக்கிலேயே இல்லை.

'இல்லை' என்பதற்கு 1-லிருந்து கழித்தார். எக்ஸ் வெள்ளையானவை என்றால், 1 − எக்ஸ் வெள்ளை அல்லாதவை. இரண்டையும் பெருக்கினால் 0. ஒரு பொருள் ஒரே நேரத்தில் வெள்ளையாகவும் வெள்ளை அல்லாததாகவும் இருக்க முடியாது என்ற, அரிஸ்டாட்டில் காலத்துத் தத்துவ விதி ஒன்று, பள்ளிக்கூட அல்ஜீப்ரா வரியாக விழுந்துவிட்டது. பிறகு இதே முறையைப் பொருட்களிலிருந்து கூற்றுகளுக்குக் கொண்டுபோனார்: ஒரு கூற்று உண்மையாக இருக்கிறதா, இல்லையா என்பதற்கு.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இனிமேல் வருவது. அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே குறி என்றால் என்ன என்று வரையறுக்கிறார். எந்தக் குறியை எதற்கு வைப்பது என்பது நம் இஷ்டம். ஆனால் வைத்துவிட்டால் அதன் அர்த்தம் நிலையாக இருக்க வேண்டும், அதே விவாதம் முடியும் வரை. அர்த்தம் நடுவில் நழுவினால் கணக்குச் சரியாக இருந்தாலும் விடை குப்பை.

அதனால்தான் எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும், எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று எழுதி வைக்கிறார். யூதர்களின் உணவு விதியை எடுத்து, சுத்தமான விலங்கு என்றால் குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும் என்பதை எக்ஸ் = ஒய் இசட் என்று எழுதுகிறார். மூன்று எழுத்துகளுக்கும் அர்த்தம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுத்தமில்லாத விலங்கு எது, அசை போட்டும் சுத்தமில்லாதது எது என்றெல்லாம் வரிசையாகக் கறந்து எடுக்கிறார்.

பொருளாதார அறிஞர் நசாவ் சீனியர் செல்வத்துக்குக் கொடுத்த வரையறையை எடுக்கும்போது இன்னும் சுவாரஸ்யம். கைமாற்றக்கூடியது, அளவோடுதான் கிடைப்பது, இன்பம் தருவது அல்லது துன்பம் தடுப்பது, இவ்வளவு நிபந்தனைகள். இங்கே எக்ஸ், ஒய், இசட்டை விட்டுவிடுகிறார். செல்வத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான டபிள்யூ, கைமாற்றத்துக்கு டி, சப்ளைக்கு எஸ், இன்பத்துக்கு பி. துன்பம் தடுப்பதற்கும் முதல் எழுத்து பி தானே? அது போய்விட்டதால் ஆர். நிபந்தனைகள் கூடக்கூட, எழுத்தைப் பார்த்தாலே அர்த்தம் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்ற இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்திருக்கிறார்.

நீங்கள் கேட்கலாம்: அவரே ஒற்றை எழுத்துதானே வைத்தார், நாங்கள் ஃப்ளாக்3 வைத்தால் மட்டும் என்ன? நியாயமான கேள்வி. அவருடைய எழுத்தின் அர்த்தம் அதே பக்கத்தில் இருந்தது, கணக்கு அடுத்த பக்கத்துக்குள் முடிந்தது, எழுதியவர் ஒருவர். உங்கள் புரோகிராமில் ஃப்ளாக்3 பிறந்த இடத்துக்கும் பயன்படும் இடத்துக்கும் நடுவில் 2,000 வரிகள், நான்கு ஃபைல்கள், ஆறு பேர். அர்த்தம் பக்கத்தில் இல்லாவிட்டால் அதைப் பெயருக்குள்ளேயேதான் வைத்து அனுப்ப வேண்டும்.

1 என்றால் ஆமாவா, இல்லையா?

எண்களை மட்டும் வைத்து வேலை செய்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வணிகக் கணினிகளில் ஆர்பிஜி என்றொரு மொழி. அதில் இன்டிகேட்டர் என்று 01 முதல் 99 வரை எண் போட்ட சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப். 45 ஆஃப் ஆக இருந்து 30 ஆன் ஆக இருந்தால் இந்த வரியை ஓட்டு என்கிற மாதிரி எழுதுவார்கள். 30 என்றால் என்ன என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். பட்டியல் தொலைந்தால் கதை முடிந்தது. பின்னால் வந்த ஆர்பிஜியில் அதே சுவிட்சுகளுக்குப் பெயர் வைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். கோபோல் மொழியில் நிபந்தனைக்குப் பெயர் வைக்கும் வசதி வெகுகாலமாகவே உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்கே பெயர் வைக்க 88 என்ற எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். இன்றும் 0, 1 என்று வெறும் எண்ணை அனுப்பினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். யூனிக்ஸில் ஒரு கமாண்ட் நல்லபடியாக முடிந்தால் 0 திரும்பி வரும். பல மொழிகளில் 0 என்றால் ஃபால்ஸ். ஆக 0 என்பது ஒரு வாசலில் வெற்றி, அடுத்த வாசலில் இல்லை. எண்ணுக்குள் அர்த்தம் கிடையாது. நாம்தான் வைக்கிறோம், நாம்தான் மறக்கிறோம்.

மறந்தால் எவ்வளவு செலவாகும்? 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கா. நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையின் ஒரு புதிய திட்டத்துக்காகத் தன் மென்பொருளை மாற்றியது. ஆர்டரோடு போகும் ஒரு ஃப்ளாக் அங்கே ஏற்கெனவே இருந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய பவர் பெக் என்ற பழைய வசதியை இயக்க வைத்திருந்த ஃப்ளாக் அது. சும்மாதானே கிடக்கிறது என்று அதையே புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் எட்டு சர்வர்கள். ஏழில் புதிய மென்பொருள் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார்கள். அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அந்த ஃப்ளாக் பழைய அர்த்தத்திலேயே இருந்தது. காலையில் சந்தை திறந்ததும் பவர் பெக் விழித்துக்கொண்டது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் பின்னர் கணக்குச் சொன்னது.

பெயர் வைத்திருந்தால் மட்டும் தப்பித்திருப்பார்கள் என்று சொல்வது அநியாயம். எட்டாவது சர்வரைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை, பழைய புரோகிராமை நீக்கவில்லை, எச்சரிக்கை வந்தபோது கவனிக்கவில்லை. ஆனால் அடிப்படையில் நடந்தது இதுதான்: ஒரு குறி, ஒரே நேரத்தில் இரண்டு அர்த்தம். 1854-இல் ஜார்ஜ் வேண்டாம் என்றாரே, அதே விஷயம்.

பெயர் வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஸ்டேட்டஸ்' என்று பூலியனுக்குப் பெயர் வைத்தால் ஃப்ளாக்3-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ட்ரூ என்றால் நல்ல ஸ்டேட்டஸா, கெட்ட ஸ்டேட்டஸா? ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பெயர் இருந்தால் நல்லது: பணம் வந்துவிட்டதா, கணக்கு முடக்கப்பட்டதா. 'முடக்கப்படாதது' மாதிரி எதிர்மறைப் பெயர் வைத்தால், யாராவது அதற்கு முன் ஒரு 'நாட்' போடும் நாளில் எல்லோருக்கும் தலை சுற்றும். இல்லை என்பதற்குத்தான் 1-லிருந்து கழிக்கும் வசதி இருக்கிறதே, பெயருக்குள்ளும் எதற்கு? ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று வரிசையாக நிற்பதும் ஃப்ளாக்1, 2, 3 தான், மாறுவேடத்தில் வந்திருக்கிறது. மொழி அனுமதித்தால் அங்கேயும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

எவரெஸ்ட் வீட்டு மருமகன்

கார்க் கல்லூரியின் துணைத் தலைவர் ஜான் ரையால். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண் மேரி எவரெஸ்ட். ஆமாம், அந்த எவரெஸ்ட்தான். 1830 முதல் 1843 வரை இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இவருக்குப் பெரியப்பா முறை. சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802-இல் வில்லியம் லாம்டன் தொடங்கி வைத்த மாபெரும் நில அளவையை இமயமலைப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனவர்.

மேரிக்கு ஜார்ஜ் கணக்கு சொல்லிக்கொடுத்தார், பெரும்பாலும் கடிதத்தில். இருவருக்கும் 17 வயது வித்தியாசம். 1855-இல் மேரியின் அப்பா இறந்துபோக, அதே வருஷம் கல்யாணம் நடந்தது. கணவரின் வகைக்கெழுச் சமன்பாட்டுப் புத்தகத்தை மாணவர்களுக்குப் புரியும்படி ஆக்கியதில் மேரிக்கு நல்ல பங்கு உண்டு.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பூலியன் தர்க்கமே இந்தியாவிலிருந்து போனது என்று அவ்வப்போது வரும். அதன் ஊற்று மேரிதான். பெரியப்பா இந்தியாவில் ஒரு பிராமண ஆசிரியரிடம் கற்ற சிந்தனை முறை டி மார்கன், பாபேஜ், ஜார்ஜ் மூவரையும் பாதித்தது என்று, 1901-இல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். கணவரை நெருங்கி அறிந்தவர் சொன்னதால் ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் மேரியைச் சந்திக்கும் முன்பே, 1847-லேயே, முதல் புத்தகம் வந்துவிட்டது. நிரூபணமான விஷயமாக இதை ஃபார்வர்டு செய்யாமல் இருப்பது நல்லது.

எவரெஸ்ட் பற்றி இன்னொன்று, நம் விஷயத்தோடு ஒட்டியது. நில அளவைக்காரர்கள் இமயமலைச் சிகரங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். உலகத்திலேயே உயரமானது என்று ராதாநாத் சிக்தார் கணக்கிட்ட சிகரம் அவர்கள் ஏட்டில் 15-ஆம் எண். வரைபடத்தில் ஒரு பெயர் வேண்டும் என்று 1865-இல் எவரெஸ்ட் என்று அறிவித்தார்கள். அந்த மனிதருக்கே அதில் விருப்பமில்லை. திபெத்தியர்கள் அதைச் சோமோலுங்மா என்று ஏற்கெனவே அழைத்துவந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணை எடுத்துவிட்டுப் பெயர் வைப்பவர் யாருடைய பெயரை வைக்கிறார் என்பது எப்போதுமே சிக்கல்தான்.

அந்த அறிவிப்பைப் பார்க்க ஜார்ஜ் இல்லை. 1864 நவம்பர் கடைசியில் ஒரு நாள், வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஏறக்குறைய மூன்று மைல் கொட்டும் மழையில் நடந்து போனார். நனைந்த துணியோடேயே பாடம் நடத்தினார். காய்ச்சல் வந்தது, நுரையீரலுக்குப் போனது. எது நோயைக் கொடுத்ததோ அதுவே குணமாக்கும் என்று நம்பிய மேரி, அவரை ஈரப் போர்வைகளில் சுற்றி வைத்ததாக ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனின் பக்தராக இருந்தவர் மேரியின் அப்பா என்பது உண்மை. போர்வைக் கதையில் எவ்வளவு உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மேரி மீது மட்டும் பழியைப் போடுவது சுலபம் என்பதால் அது அதிகம் பரவியிருக்கலாம். டிசம்பர் 8 அன்று ஜார்ஜ் இறந்தார். வயது 49.

ஐந்து பெண் குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு ஆறு மாதம். மேரி லண்டன் போய், பெண்கள் கல்லூரி ஒன்றில் நூலகர் வேலை பார்த்துக் குழந்தைகளை வளர்த்தார். மூன்றாவது மகள் அலிசியா, பல்கலைக்கழகம் போகாமலேயே நாற்பரிமாண வடிவங்களைக் கண்டு விவரித்து, 1914-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார். அப்பாவைப் போலவே. லூசி வேதியியல் கற்பித்தார். கடைக்குட்டி எத்தெல் எழுதிய நாவல் ஒன்று சோவியத் யூனியனில் லட்சக்கணக்கில் விற்றது.

ரிலே சுவிட்சிலிருந்து உங்கள் லேப்டாப் வரை

ஜார்ஜின் அல்ஜீப்ராவை அவர் விட்ட இடத்தில் யாரும் வைக்கவில்லை. எக்ஸ் + எக்ஸ் என்பது எக்ஸ்தான் என்று ஜெவன்ஸ் என்ற இளம் அறிஞர் கடிதம் எழுதியபோது ஜார்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் முறையில் ஒன்றோடொன்று கலக்காதவற்றைத்தான் கூட்ட முடியும். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்தது ஜெவன்ஸ் பக்கத்துக் கணக்கு. பைத்தானில் ட்ரூவோடு ட்ரூவைக் கூட்டிப் பாருங்கள், 2 வரும். ஜார்ஜ், ஜெவன்ஸ் இரண்டு பேருமே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

1937-இல் எம்ஐடியில் முதுகலை மாணவர் கிளாட் ஷானன், ரிலே சுவிட்சுகள் கொண்ட மின்சுற்றுகளை இந்த அல்ஜீப்ராவால் வடிவமைக்கலாம் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். தத்துவ வகுப்பில் ஜார்ஜின் தர்க்கத்தைப் படித்திருந்தது கைகொடுத்தது. ஒரு சின்னத் தகவல்: ஷானன் அதில் மூடிய சுற்றுக்கு, அதாவது மின்சாரம் ஓடும் சுற்றுக்கு, 0 என்றும், திறந்த சுற்றுக்கு 1 என்றும் வைத்தார். மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்பதைக் குறிக்கும் எண்ணாக அதை எடுத்துக்கொண்டதால் அப்படி. நாம் நினைப்பதற்கு நேர் எதிர். ஆனால் ஆரம்பத்திலேயே தெளிவாக வரையறுத்துவிட்டார், கடைசி வரை மாற்றவில்லை.

அல்கால் 60 மொழி பூலியன் என்ற பெயரையே ஒரு வகைக்கு வைத்தது. ஃபோர்ட்ரான் லாஜிக்கல் என்றது. சி மொழிக்கு 1999 வரை தனியாக பூலியன் வகையே கிடையாது; 0 என்றால் இல்லை, மற்றதெல்லாம் ஆமாம் என்று இன்டிஜரை வைத்தே காலம் ஓட்டினார்கள். பைத்தானுக்கு ட்ரூவும் ஃபால்ஸும் தனி வகையாக வந்தது 2003-இல் வந்த 2.3 பதிப்பில்தான்.

மூத்த மகள் மேரி எல்லனின் வழியில் வந்தவர் ஜெஃப்ரி ஹின்டன். ஜார்ஜுக்கு எள்ளுப் பேரன். நியூரல் நெட்வொர்க் ஆராய்ச்சிக்காக 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கினார். அவர் வேலை முழுக்க 0-வுக்கும் 1-க்கும் நடுவில் இருக்கும் எண்களில். தாத்தா வழியை விட்டு விலகிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். 1854 புத்தகத்தின் முழுத் தலைப்பில் தர்க்கத்துக்குப் பக்கத்திலேயே நிகழ்தகவு என்ற சொல்லும் இருக்கிறது.